போய்விடாதே, மருந்தே!

1941 பிப்ரவரி. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு நகரம். உலக யுத்தம் உச்சத்தில் இருக்கிறது. ராட்க்ளிஃப் இன்ஃபர்மரி என்கிற மருத்துவமனையில் இருந்து ஓர் இளம் டாக்டர் சைக்கிளில் கிளம்புகிறார். அவசர அவசரமாக மிதிக்கிறார். கூட எடுத்துப் போவது என்ன தெரியுமா? ஒரு நோயாளியின் சிறுநீர்.

மூக்கைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். அந்த சிறுநீர் அன்றைக்குத் தங்கத்தைவிட உசத்தி. ஏனென்றால் அதற்குள் பெனிசிலின் இருந்தது.

நோயாளியின் பெயர் ஆல்பர்ட் அலெக்சாண்டர். போலீஸ்காரர். வயது 43. ரோஜா முள் கீறியதில் ஆரம்பித்தது என்று ஒரு கதை ரொம்ப காலமாக உலவியது. இல்லை, விமான குண்டுவீச்சில் பட்ட காயம் என்று பிற்காலத்தில் அவருடைய மகள் சொன்னார். எப்படி ஆரம்பித்ததோ, முகமெல்லாம் சீழ். ஒரு கண்ணையே எடுத்துவிட்டார்கள். நுரையீரல் வரைக்கும் பரவிவிட்டது. இனி பிழைக்க மாட்டார் என்ற நிலையில், ஹோவர்ட் ஃப்ளோரி தலைமையிலான குழு தாங்கள் தயாரித்த புது மருந்தை அவருக்குச் செலுத்தியது. ஒரே நாளில் முன்னேற்றம். காய்ச்சல் இறங்கியது. மனிதர் எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டார்.

பிரச்னை வேறு இடத்தில் இருந்தது. பெனிசிலின் உடம்புக்குள் போன வேகத்திலேயே வெளியே வந்துகொண்டிருந்தது. அரை மணிக்கு ஒரு தரம் ரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். சிறுநீரகம் அதை வேண்டாத விருந்தாளி மாதிரி வாசலுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். மொத்த ஆக்ஸ்ஃபோர்டிலும் இருந்ததோ கொஞ்சூண்டு மருந்து. அதனால்தான் சைக்கிள். சார்லஸ் ஃப்ளெட்சர் என்ற அந்த டாக்டர் தினமும் சிறுநீரைச் சேகரித்து ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோவார். அங்கே அதில் இருந்து பெனிசிலினைப் பிரித்தெடுத்து, அதே மனிதருக்கு மறுபடி ஊசி போடுவார்கள்.

சல்லடையில் தண்ணீர் பிடிக்கிற வேலை. ஐந்தே நாளில் கையிருப்பு தீர்ந்தது. கிருமிகள் மிச்சம் இருந்தன. மார்ச் 15-ம் தேதி ஆல்பர்ட் அலெக்சாண்டர் இறந்துபோனார்.

மருந்து தோற்கவில்லை. மருந்து தங்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

மருத்துவ வரலாறு என்றால் மருந்தைக் கண்டுபிடித்தவர்களின் கதையைத்தான் நமக்குச் சொல்லித் தருவார்கள். கண்டுபிடித்த மருந்தை உடம்புக்குள் உட்கார வைக்கப் போராடியவர்களின் கதை இன்னொன்று இருக்கிறது. இந்த வாரம் அதைத்தான் பார்க்கப்போகிறோம். அதிலும் குறிப்பாக, எந்த மருந்தும் எளிதில் எட்டிப் பார்க்காத ஓர் இடத்தில் நடந்த போராட்டம். எலும்புக்குள்.

*

எலும்பு என்றால் ஏதோ காய்ந்த கட்டை என்று நினைக்கிறோம். கிடையாது. அதற்குள் ரத்தம் ஓடுகிறது. உயிருள்ள செல்கள் இருக்கின்றன. பழைய எலும்பை ஒரு கூட்டம் அரித்து எடுக்க, புது எலும்பை இன்னொரு கூட்டம் கட்டிக்கொண்டே இருக்கும். ரிப்பேர் வேலை ஓயாத வீடு.

அந்த வீட்டுக்குள் கிருமி நுழைந்தால் தொல்லை பெரிது. கையிலோ காலிலோ சதையில் கட்டி வந்தால் வீங்கும், உடையும், சீழ் வெளியே வரும். எலும்புக்கு வீங்க இடம் ஏது? சுற்றிலும் கெட்டிச் சுவர். உள்ளே சீழ் சேரச் சேர அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தத்தில் ரத்தக் குழாய்கள் நசுங்குகின்றன. ரத்தம் வராத எலும்புத் துண்டு அங்கேயே செத்துப்போகிறது. செத்த எலும்பு கிருமிக்கு சௌகரியமான கோட்டை. ரத்தம் போகாத இடத்துக்கு ரத்தத்தில் போகிற மருந்தும் போகாது இல்லையா? நீங்கள் கையில் எத்தனை ஊசி குத்தினாலும் கோட்டைக்குள் இருக்கிறவன் சிரித்துக்கொண்டிருப்பான்.

இதற்கு ஆஸ்டியோமைலைட்டிஸ் என்று பெயர். ஊர்ப்பக்கம் எலும்பில் சீழ் வைத்துவிட்டது என்பார்கள். வருஷக்கணக்கில் ஆறாமல் ஒழுகிக்கொண்டே இருக்கும் புண். பெரும்பாலும் அடிபட்டு எலும்பு வெளியே தெரிகிற மாதிரி முறிந்தவர்களுக்கும் குழந்தைகளுக்கும் வரும். பெனிசிலினுக்கு முந்தைய காலத்தில் இது வந்தால் சாவு, இல்லாவிட்டால் கால் போகும்.

என்னென்னவோ செய்து பார்த்தார்கள். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் பேர் என்று ஓர் எலும்பு டாக்டர். முதல் உலகப்போரில் பிரான்ஸ் போர்முனையில் வேலை பார்த்தவர். 1917-ல் இரண்டு சிப்பாய்களைத் தூக்கி வந்தார்கள். தொடை எலும்பு முறிந்து, ஏழு நாள் சோறு தண்ணி இல்லாமல் வெட்டவெளியில் கிடந்தவர்கள். காயத்தில் ஆயிரக்கணக்கில் புழு நெளிந்தது. கழுவிவிட்டுப் பார்த்தால் ஆச்சரியம். அடியில் சீழ் இல்லை. சுத்தமான இளஞ்சிவப்பு சதை. புழுக்கள் செத்த சதையை மட்டும் தின்றுவிட்டு, உயிருள்ளதை விட்டுவைத்திருந்தன.

பேர் அதை மறக்கவில்லை. பத்து வருஷம் கழித்து, எலும்பில் சீழ் வைத்த நோயாளிகளுக்கு வேண்டுமென்றே புழு வைத்து சிகிச்சை செய்ய ஆரம்பித்தார். அருவருப்புதான். ஆனால் பலருக்கு குணமானது. 1930-களில் அமெரிக்க மருத்துவமனைகள் பலவற்றில் அது வழக்கமான வைத்தியமாகவே ஆகிவிட்டது.

இன்னொருவரின் யோசனை அதற்கும் முன்னால். 1892. ஜெர்மனியின் பான் நகரத்தில் ட்ரீஸ்மன் என்கிற அறுவை சிகிச்சை நிபுணர். சீழ் எடுத்த பிறகு எலும்பில் ஒரு குழி விழுமே, அதைச் சும்மா விட்டால் மறுபடி கிருமி குடியேறும். அவர் என்ன செய்தார் என்றால், பாரிஸ் சாந்தை எடுத்தார். ஆமாம், பொம்மை செய்கிறோமே, கை முறிந்தால் மாவுக்கட்டு போடுகிறோமே, அதே பொடிதான். அதைக் கிருமிநாசினியான கார்பாலிக் அமிலக் கரைசலில் குழைத்து எலும்புக் குழியில் அடைத்தார். சாந்து மெதுவாகக் கரைந்துபோனது. சிலருக்கு அந்த இடத்தில் எலும்பு வளர்ந்தது.

இந்த 1892-ஐக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

*

பெனிசிலின் ஓடிப்போகிற பிரச்னைக்குத் திரும்புவோம். யுத்தத்தின் கடைசி வருஷங்களில் அமெரிக்காவில் தொழிற்சாலைகள் பெனிசிலினை மலையாகக் குவித்துவிட்டன. பஞ்சம் தீர்ந்தது. ஆனால் மூணு மணிக்கு ஒரு தரம் ஊசி போட்டாக வேண்டும். ராத்திரியும் பகலும். போர்முனையில் இது நடக்கிற காரியமா?

1944-ல் அமெரிக்க ராணுவத்தைச் சேர்ந்த மன்ரோ ரொமான்ஸ்கி என்ற டாக்டர் ஒரு சமையலறை வைத்தியம் கண்டுபிடித்தார். பெனிசிலினைக் கடலை எண்ணெயிலும் தேன்மெழுகிலும் குழைத்தார். அதை ஊசியில் ஏற்றி சதைக்குள் போட்டார். மெழுகும் எண்ணெயும் மருந்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விட்டன. நாளுக்கு எட்டு ஊசி என்பது நாளுக்கு ஒன்றாகக் குறைந்தது. வலி உயிரை எடுக்கும் என்பது வேறு விஷயம்!

அடுத்து 1950-களின் ஆரம்பத்தில் பென்சத்தின் பெனிசிலின் வந்தது. தண்ணீரில் லேசில் கரையாத உப்பாக பெனிசிலினை மாற்றிவிட்டார்கள். ஒரு ஊசி போட்டால் மூணு வாரம் தாங்கும். வாதக் காய்ச்சல் வந்து இதய வால்வு பாதிக்கப்பட்ட பிள்ளைகள் இருக்கிற வீட்டில் கேட்டுப் பாருங்கள். 21 நாளைக்கு ஒரு தரம் பெனிட்யூர் ஊசி போட ஆஸ்பத்திரி வாசலில் வரிசையில் நின்ற கதையைச் சொல்வார்கள். அது இதுதான்.

நான் படித்தது பி.காம். எதையும் வரவு செலவாகப் பார்த்தால்தான் எனக்கு விளங்கும். மாதச் சம்பளக்காரரின் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒண்ணாம் தேதி கை நிறையப் பணம். பிரியாணி, சினிமா. இருபதாம் தேதி மளிகைக் கடையில் கடன். சாதாரண மருந்தும் இப்படித்தான். ஊசி போட்ட உடனே ரத்தத்தில் அளவுக்கு மீறி ஏறுகிறது. அப்போது பக்கவிளைவு. சில மணி நேரத்தில் தேவைக்குக் கீழே இறங்குகிறது. அப்போது கிருமிக்குக் கொண்டாட்டம். நமக்கு வேண்டியது தினக்கூலி. தினமும் அளவாக, ஒரே சீராக. மருந்தைத் தினக்கூலிக்கு மாற்றுவது எப்படி?

ஜூடா ஃபோக்மன் என்ற இளம் டாக்டருக்கு 1960-களின் தொடக்கத்தில் ஒரு வழி கிடைத்தது. அமெரிக்கக் கடற்படையில் வேலை. சிலிகோன் ரப்பர் குழாயில் சில சாயங்களை வைத்தால், அவை குழாய்ச் சுவர் வழியாக மெல்ல மெல்ல வெளியே கசிவதை அவரும் டேவிட் லாங்கும் கவனித்தார்கள். சாயம் கசிந்தால் மருந்தும் கசியும்தானே? 1964-ல் அதை எழுதி வெளியிட்டார்கள். அதை வைத்துக் கோடீஸ்வரர் ஆக முயலவில்லை. குடும்பக் கட்டுப்பாடு ஆராய்ச்சி செய்துவந்த பாப்புலேஷன் கவுன்சில் என்ற அமைப்புக்கு விட்டுக்கொடுத்தார்கள். அதில் இருந்து வந்ததுதான் நார்பிளான்ட். கையின் தோலுக்கு அடியில் ஆறு சின்னக் குழாய்கள். ஐந்து வருஷத்துக்குக் கருத்தடை. 1983-ல் முதன்முதலாக ஃபின்லாந்து அனுமதித்தது.

ஆனால் ஒரு சிக்கல். மருந்து தீர்ந்த பிறகும் குழாய் அங்கேயே கிடக்கும். யாராவது கிழித்து எடுக்க வேண்டும். எடுக்கும்போது படாதபாடு பட்ட பெண்கள் அமெரிக்காவில் கோர்ட் படி ஏறினார்கள்.

வேலை முடிந்ததும் தானாகக் காணாமல் போகிற பாத்திரம் வேண்டும். அது எங்கே கிடைக்கும்?

*

அது ஏற்கெனவே இருந்தது. உதவாக்கரை என்று மூலையில் கிடந்தது.

நைலானைக் கண்டுபிடித்த டூபான்ட் கம்பெனி விஞ்ஞானி வாலஸ் கரோதர்ஸை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவருடைய குழு 1932-லேயே லாக்டிக் அமிலத்தில் இருந்து ஒரு பிளாஸ்டிக் செய்து பார்த்தது. லாக்டிக் அமிலம் வேறு எதுவும் இல்லை. தயிரைப் புளிக்க வைக்கிறதே, அது. ஓடி ஓடிக் களைத்தால் உங்கள் தசையில் சேர்கிறதே, அது. இதன் சொந்தக்காரர் கிளைகாலிக் அமிலம், கரும்பில் இருப்பது. இவற்றில் செய்த பிளாஸ்டிக்குக்கு ஒரு கெட்ட குணம். ஈரம் பட்டால் நாளாவட்டத்தில் சிதைந்துவிடும். சட்டை தைத்தால் எத்தனை நாள் வரும்? டப்பா செய்தால் யார் வாங்குவார்கள்?

முப்பது வருஷம் கழித்து சில பேருக்குப் பொறி தட்டியது. உடம்புக்குள்ளும் ஈரம்தானே? அங்கே சிதைவது நல்லதுதானே? 1966-ல் அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடம் ஒன்றில் இருந்து ஒரு கட்டுரை வந்தது. இந்தப் பிளாஸ்டிக்கை விலங்குகளின் உடம்பில் வைத்துப் பார்த்தோம், பெரிய தொல்லை எதுவும் இல்லை, மெல்லக் கரைந்தது என்றார்கள். எழுதியவர்களில் முதல் பெயர் குல்கர்னி.

அடுத்தது தையல் நூல். அதுவரை உடம்புக்குள் கரையும் தையல் என்றால் கேட்கட். பெயரில் பூனை இருந்தாலும் செய்வது ஆடு, மாட்டுக் குடலில். 1970 வாக்கில் கிளைகாலிக் அமிலத்தில் செய்த டெக்ஸான் நூல் வந்தது. 1974-ல் இரண்டு அமிலமும் கலந்த விக்ரில் வந்தது. ஆபரேஷன் முடிந்து, 'தையல் பிரிக்க வேண்டாம்மா, அதுவே கரைஞ்சிடும்' என்று டாக்டர் சொல்லிக் கேட்டிருப்பீர்களே. பெரும்பாலும் இந்த நூல்தான். தண்ணீர் பட்டு நூலாக இருந்தது அமிலமாகிறது. அமிலத்தை உடம்பு எரித்து, கரியமில வாயுவும் தண்ணீருமாக வெளியே அனுப்பிவிடுகிறது.

நூலில் நிரூபணமாகிவிட்டது. அதே பொருளில் மருந்தைப் பொதிந்தால்? அதுவும் முடி அகலத்தைவிடச் சின்னதான உருண்டைகளாகச் செய்தால்?

சூடான ரசத்தின் மேல் எண்ணெய் பொட்டுப் பொட்டாக மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். செய்முறை கிட்டத்தட்ட அதுதான். பிளாஸ்டிக்கை ஒரு கரைப்பானில் கரைக்கிறார்கள். மருந்துக் கரைசலை அதில் விட்டு வேகமாகக் கடைகிறார்கள். அந்தக் கலவையை மறுபடி தண்ணீரில் ஊற்றிக் கடைகிறார்கள். கோடிக்கணக்கில் குட்டித் துளிகள். கரைப்பான் ஆவியாகப் போனதும் துளிகள் இறுகி உருண்டைகளாகின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் மருந்து. இதைத் தண்ணீரில் கலக்கி ஊசியிலேயே ஏற்றிவிடலாம். கத்தி வேண்டாம், தையல் வேண்டாம். தயிர் அமிலத்தையும் கரும்பு அமிலத்தையும் எந்த விகிதத்தில் சேர்க்கிறோமோ, அதைப் பொறுத்து உருண்டை சில வாரமும் தாங்கும், பல மாதமும் தாங்கும்.

பெரிய மூலக்கூறுகளை இப்படி அடைத்து வைக்கவே முடியாது என்று அன்றைய நிபுணர்கள் பலர் அடித்துச் சொன்னார்கள். அதை உடைத்தவர் ராபர்ட் லாங்கர். எம்.ஐ.டி.யில் கெமிக்கல் இன்ஜினீயரிங் முடித்தவர். 1974-ல் எண்ணெய்க் கம்பெனிகள் வேலையோடு வரிசையில் நின்றன. அவற்றை எல்லாம் விட்டுவிட்டு பாஸ்டனில் ஒரு டாக்டரின் ஆய்வுக்கூடத்துக்குப் போனார். எந்த டாக்டர்? நம்ம ஃபோக்மன்தான்! அங்கே லாங்கரின் வேலை, கசாப்புக் கடையில் இருந்து வருகிற மாட்டு எலும்பில் இருந்து குருத்தெலும்பைச் சுரண்டி எடுப்பது. குருத்தெலும்பில் ரத்தக் குழாய் கிடையாது. ரத்தக் குழாய் வளர்வதைத் தடுக்கிற ஏதோ ஒன்று அதில் இருக்கிறது, அதைப் பிடித்தால் புற்றுநோயைப் பட்டினி போடலாம் என்பது ஃபோக்மனின் கணக்கு. பிடித்ததைச் சோதிக்க, அதை மெதுவாக விடுகிற பிளாஸ்டிக் வேண்டியிருந்தது. இருநூறு விதமாகச் செய்து தோற்ற பிறகு ஒன்று வேலை செய்தது என்று லாங்கரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். 1976-ல் இருவரும் சேர்ந்து நேச்சர் பத்திரிகையில் வெளியிட்டார்கள். பிறகும் லாங்கருக்கு லேசில் ஆராய்ச்சிப் பணம் கிடைக்கவில்லை. முதல் ஒன்பது விண்ணப்பமும் குப்பைக் கூடைக்குப் போயின. பின்னாளில் கொரோனா தடுப்பூசி செய்த மாடர்னா கம்பெனியை 2010-ல் ஆரம்பித்தவர்களில் ஒருவர் இதே லாங்கர்.

கரையும் உருண்டை ஊசி கடைக்கு வந்தது 1980-களில். புராஸ்டேட் புற்றுநோய்க்கு லூப்ரோலைடு என்று ஒரு மருந்து. 1985-ல் வந்தபோது தினமும் ஒரு மில்லிகிராம் குத்திக்கொள்ள வேண்டும். ஜப்பானின் டகேடா கம்பெனி அதை உருண்டைகளில் அடைத்தது. 1989-ல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. மாதம் ஒரே ஊசி, 7.5 மில்லிகிராம்.

கணக்கைப் பாருங்கள். தினம் ஒன்று என்றால் மாதத்துக்கு 30. இதில் 7.5. கால் பங்கு மருந்தில் அதே வேலை! முப்பது ஊசிக்குப் பதில் ஒரு ஊசி. எந்த ஆடிட்டரும் சொக்கிப்போவார்.

*

எலும்பு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்கள். வருகிறேன்.

எலும்பு டாக்டர்கள் தனிப் பாதையில் போய்க்கொண்டிருந்தார்கள். 1960-களில் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி இடுப்பு மூட்டு மாற்று சிகிச்சையைப் பிரபலமாக்கினார். செயற்கை மூட்டை எலும்போடு ஒட்ட, பல் டாக்டர்கள் உபயோகித்த அக்ரிலிக் சிமென்ட். அந்த மூட்டில் கிருமி வந்தால் முடிந்தது கதை. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஹான்ஸ் புக்ஹோல்ஸ் என்பவர், சிமென்ட்டிலேயே ஜென்டாமைசின் பொடியைக் கலந்தால் என்ன என்று யோசித்தார். சிமென்ட் இறுகும்போது கொதிக்கிற சூட்டையும் ஜென்டாமைசின் தாங்கியது. அதில் இருந்து மெல்லக் கசியவும் செய்தது. 1970-ல் இதை வெளியிட்டார்.

அடுத்து ஃப்ராங்ஃபர்ட்டில் கிளவுஸ் க்ளெம். அந்த சிமென்ட்டை 7 மில்லிமீட்டர் மணிகளாக உருட்டி, எஃகுக் கம்பியில் ஜெபமாலை மாதிரி கோத்து, சீழ் எடுத்த எலும்புக் குழியில் அடைத்தார். பிரமாதமான யோசனை. ஜென்டாமைசினை ரத்தத்தில் அதிகமாக ஏற்றினால் சிறுநீரகம் கெடும், காது போகும். மாலையில் வைத்தால், குழிக்குள் மருந்து வெள்ளமாக இருக்கும், ரத்தத்தில் துளிதான் இருக்கும். கோட்டைக்கு வெளியே நின்று கல் எறியாமல் உள்ளேயே படையை இறக்கிவிட்டார்கள்!

ஆனால் மாலை கரையாது. இரண்டு வாரத்தில் வெளியே உருவ வேண்டும், இல்லாவிட்டால் இன்னொரு ஆபரேஷன். மருந்து தீர்ந்த சிமென்ட் மணி உள்ளேயே கிடந்தால், அதன் மேலேயே கிருமி ஒட்டிக் குடித்தனம் நடத்தும்.

நம்மூர் ஆஸ்பத்திரிகளிலும் இந்த மாலை உண்டு. வெளிநாட்டு மாலைக்கு யாரிடம் காசு? ஆபரேஷன் தியேட்டரிலேயே சிமென்ட்டையும் மருந்தையும் குழைத்து, இறுகுவதற்குள் கையால் உருட்டி, கம்பியில் கோத்து வைத்துவிடுவார்கள். பைக் விபத்தில் கால் எலும்பு நொறுங்கி வந்தவர்கள் எத்தனையோ பேரின் காலை இந்தக் கையால் உருட்டிய மணிகள் காப்பாற்றியிருக்கின்றன.

சரி, கரையும் உருண்டை ஏற்கெனவே இருக்கிறதே, அதை எலும்பில் வைக்க வேண்டியதுதானே? ஆராய்ச்சிக்கூடங்கள் பல பத்தாண்டுகளாக இதைத்தான் செய்கின்றன. ஜென்டாமைசின் அடைத்த உருண்டை, எலும்பு வளர்க்கும் புரதம் அடைத்த உருண்டை என்று ஏராளம். முயலுக்கும் எலிக்கும் பலித்தது. மனிதனிடம் வரும்போது மூன்று முட்டுக்கட்டை. முதலாவது, உருண்டையின் மேல்தோலில் ஒட்டியிருக்கும் மருந்து முதல் நாளே குபுக்கென்று வெளியே வந்துவிடும். அதே ஒண்ணாம் தேதி பிரியாணிக் கதை. இரண்டாவது, கரையும்போது உருண்டைக்குள் அமிலம் சேரும். நுட்பமான புரதம் அதில் கெட்டுப்போகும், எலும்புக்கும் அமிலம் ஆகாது. மூன்றாவது, எலும்புக் குழிக்கு மருந்து மட்டும் போதாது, அடைத்து நிற்க ஒரு பொருளும் வேண்டும்.

உருண்டைகள் எலும்பின் பக்கத்து வீடு வரை வந்துவிட்டன. முழங்கால் மூட்டுத் தேய்மான வலிக்கு ஸ்டீராய்டு அடைத்த உருண்டை ஊசி, ஸில்ரெட்டா என்ற பெயரில் 2017-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கதை உண்டு. எலும்பை வளரவைக்கும் புரதம் எலும்புக்குள்ளேயே இருக்கிறது என்று 1965-ல் மார்ஷல் யூரிஸ்ட் காட்டினார். 2002-ல் அந்தப் புரதத்தைக் கொலாஜன் பஞ்சில் நனைத்து முதுகெலும்பில் வைக்க அமெரிக்கா அனுமதித்தது. பஞ்சு எவ்வளவு நேரம் பிடித்துவைக்கும்? அதை ஈடுகட்ட, உடம்பில் இயற்கையாக இருப்பதைப்போல பல மடங்கு புரதத்தைக் கொட்டினார்கள். வளரக்கூடாத இடத்தில் எலும்பு வளர்ந்தது. கழுத்தில் வைத்த சிலருக்கு வீக்கம் வந்து மூச்சு திணறியது. 2008-ல் அரசாங்கமே எச்சரிக்கை விட்டது. நல்ல மருந்துதான். ஆனால் மொத்தப் பணத்தையும் ஒரே நாளில் கையில் கொடுத்துவிட்டார்கள்.

*

சீழ் பிடித்த எலும்புக்கு விடை வேறு பக்கத்தில் இருந்து வந்தது. 1892-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா?

அதேதான். பாரிஸ் சாந்து! கால்சியம் சல்ஃபேட். அதை மிகச் சுத்தமாகத் தயாரித்து, எலும்பில் இருக்கிற ஹைட்ராக்ஸி அபடைட்டோடு சேர்த்து, கார்பாலிக் அமிலத்துக்குப் பதில் ஜென்டாமைசின் கலந்தார்கள். குழிக்குள் ஊசியாலேயே ஊற்றிவிடலாம். சாந்து கரையக் கரைய மருந்து வரும். மிச்சம் இருப்பதைப் பிடித்துக்கொண்டு எலும்பு வளரும். வெளியே எடுக்க இரண்டாவது ஆபரேஷன் கிடையாது.

நாள்பட்ட எலும்புச் சீழ் நோயாளிகள் நூறு பேருக்கு இதை வைத்துப் பார்த்த முடிவு 2016-ல் வந்தது. ஒரே ஆபரேஷனில் 96 பேருக்கு நோய் அடங்கிவிட்டது. மீதி நான்கு பேருக்கும் மறு ஆபரேஷனில் சரியானது. இந்த வகைச் சாந்துக்கு 2022-ல் அமெரிக்க அனுமதியும் கிடைத்தது. அந்த நூறு பேருக்கும் சிகிச்சை நடந்த ஊர் எது தெரியுமா? ஆக்ஸ்ஃபோர்டு. ஃப்ளெட்சர் சைக்கிள் மிதித்த அதே ஊர்.

உடனே, இனி எல்லா மருந்தும் உள்ளே புதைக்கிற மருந்துதான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அதே ஆக்ஸ்ஃபோர்டுக்காரர்கள் முன்னின்று பிரிட்டன் முழுக்க 1,054 நோயாளிகளை வைத்து இன்னொரு ஆய்வு நடத்தி 2019-ல் வெளியிட்டார்கள். எலும்பு, மூட்டு நோய்த்தொற்றுக்கு ஆறு வாரம் நரம்பில் ஊசி ஏற்றியே ஆக வேண்டும் என்பது வேதவாக்காக இருந்தது. சரியான மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் அதே பலன் கிடைக்கிறது என்று காட்டிவிட்டார்கள். ஆடம்பரம் எல்லா இடத்திலும் தேவைப்படாது. ஆனால் செத்த எலும்பை வெட்டி எடுத்த குழி இருக்கிறதே, அங்கே கரையும் சாந்துக்கு நல்ல வேலை இருக்கிறது.

'ஒழுங்காகச் சாப்பிட்டால்' என்றேன். அங்கேதான் இருக்கிறது சூட்சுமம். இதை உலகத்துக்கு உரக்கச் சொன்ன ஊர்களில் ஒன்று நம்ம சென்னை. 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கியது. சானடோரியத்தில் படுக்க வேண்டாம், வீட்டில் இருந்தபடி மாத்திரை சாப்பிட்டாலே குணமாகும் என்று அங்கே நிரூபித்தார்கள். அந்த மையத்தை நடத்திய வாலஸ் ஃபாக்ஸ் என்கிற ஆங்கிலேய டாக்டர், கூடவே இன்னொன்றையும் கவனித்தார். உடம்பு கொஞ்சம் தேறியதும் ஜனங்கள் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். கண் முன்னால் விழுங்க வைத்து அனுப்புகிற முறைக்கு இந்தக் கவலைதான் வித்து. முதுகெலும்புக் காசநோய்க்கும் இதே சென்னையில் மாத்திரை வைத்தியத்தைச் சோதித்துப் பார்த்தார்கள்.

மெதுவாகக் கரையும் மருந்தின் நிஜமான பயன் இங்கே இருக்கிறது. அது மனித மறதிக்கும் சோம்பலுக்கும், பஸ் காசு இல்லாத வறுமைக்கும் சேர்த்துப் போடுகிற ஊசி. மாதம் முப்பது தரம் ஞாபகம் வைக்க வேண்டிய ஒன்றை ஒரே தரமாக்குகிறது. கூலி வேலைக்குப் போகிறவருக்கு அந்த 29 நாளின் மதிப்பு என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

கடைசியாக ஒரு வேடிக்கை. எலும்புப்புரை நோய்க்கு ஸோலட்ரோனிக் அமிலம் என்று ஒரு மருந்து. 2007-ல் இருந்து வருஷத்துக்கு ஒரே ஒரு தரம் நரம்பில் ஏற்றுகிறார்கள். அதற்கு உருண்டையும் இல்லை, சாந்தும் இல்லை. பிறகு எப்படி ஒரு வருஷம் தாங்குகிறது? அது எலும்போடு போய் இறுக ஒட்டிக்கொள்கிறது. அரிக்கிற செல்கள் எலும்பைக் கரைக்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்பட்டு அந்த செல்களையே முடக்குகிறது. எந்தக் கோட்டைக்குள் மருந்தை அனுப்ப முடியாமல் நூறு வருஷத்துக்கு மேல் தவித்தார்களோ, அந்த எலும்பே இங்கே மருந்துக் கிடங்காக வேலை பார்க்கிறது.

அடுத்த முறை உங்கள் வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் ஆகி, தையல் தானாகக் கரையும் என்று டாக்டர் சொன்னால், அந்த நூலைக் கொஞ்சம் மரியாதையாகப் பாருங்கள். மாதம் ஒரு ஊசிக்குள் இருப்பதும் அதே சரக்குதான்.